முகம் தெரியாத பேச்சு

"கல்லு மனசுடி உனக்கு!" காலையிலேயே நாத்தனார் ஆரம்பித்துவிட்டாள். "பொண்ணு முதல் நாள் வேலைக்குப் போறா... அடுப்பைப் பார்த்துக்கிட்டே பேசுறியே! முகத்தைக் காட்டிப் பேசினா குறைஞ்சா போயிடுவே?"

அடுப்படியில் நின்ற அம்மா திரும்பவில்லை. பழக்கம் அப்படி. காது கேளாமல் பிறந்த மகளுக்குச் சின்ன வயசில் ஆபரேஷன் செய்து காதுக்குள் கருவி வைத்ததும், பேச்சுப் பயிற்சி டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "உதட்டைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டா காது பழகாது. வாயை மறைச்சுப் பேசுங்கம்மா." அன்றிலிருந்து கையாலோ தட்டாலோ வாயை மறைத்தாள். குழந்தை தண்ணீரைக் கை காட்டினால், வாய் திறந்து கேட்கும்வரை காத்திருந்தாள். நாத்தனாரோ ஜாடை முடிவதற்குள் ஓடிப்போய்க் கொடுத்தாள். நல்ல பேர் அத்தைக்கு, கொடுமைக்காரிப் பட்டம் அம்மாவுக்கு! நாத்தனாரிடம் விளக்கிச் சொல்லத்தான் செய்தாள். யார் காதில் ஏறியது?

மகள் பையை மாட்டிக்கொண்டாள். "விடுங்க அத்தை. காது கேக்காததைப் பெத்துட்டோமேன்னு அம்மாவுக்கு வெட்கம். சின்ன வயசுலேயே எனக்கு முகம் காட்டினதில்லையே!"

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷமாக இதையா மனசில் வைத்திருந்தாள்? வாய் திறப்பதற்குள் மகள் படியிறங்கிவிட்டாள். அன்று முழுக்க அவளுக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

சாயங்காலம் மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள். கண் சிவந்திருந்தது.

"வேலைக்குப் போன ஆஸ்பத்திரியில என்னை டெலிபோன்ல உக்கார வெச்சுட்டாங்கம்மா. யார் முகமும் தெரியலை... ஆனா புரிஞ்சுது! ஒரு தாத்தா இருமிக்கிட்டே பேசினார், அதுவும் புரிஞ்சுது!"

"நிஜமாவா கண்ணு?"

"முகமில்லாத பேச்சை நான் எங்கே பழகினேன்னு யோசிச்சேன். சந்தேகம் வந்து நம்ம பழைய டீச்சருக்கே போன் பண்ணினேன். 'நான்தான் மறைக்கச் சொன்னேன்... உங்கம்மா அழுதுக்கிட்டேதான் மறைச்சாங்க'ன்னாங்க..." அம்மாவின் கையைப் பிடித்தாள். "ஏம்மா எங்கிட்ட சொல்லலை?"

நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். "பாவி நான்... பிள்ளை மனசுல விஷத்தை விதைச்சதே நான்தான். இவளைக் கரிச்சுக் கொட்டாத நாளில்லையே!"

"விடுங்க அண்ணி, நீங்களும் பாசத்துலதானே செஞ்சீங்க." அவள் மகளின் கன்னத்தைத் துடைத்தாள். "நீ பேசினா போதும்னு இருந்தேண்டி... என்னைப் பத்தி நல்லவிதமாப் பேசணும்னு கேக்கவா முடியும்?"

"அம்மா!" என்று மகள் கட்டிக்கொண்டாள். அவ்வளவு நாள் அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து வெடிக்க, அம்மா வாய்விட்டு அழுதாள்.