கருவுக்குத் தெரிந்த அளவு

2071 ஜூலை 14, செவ்வாய்.

நேற்று இங்கே எழுதியதில் ஒரு பிழை. மரபணுவை அடக்கி வைக்கும் கடிவாள ஆர்என்ஏ, அந்த மரபணு அனுப்பும் தூதை அழித்துவிடும் என்று எழுதியிருந்தேன். எங்கள் பாடத்திலுள்ள மரபணுவில் அது அழிப்பதில்லை. தூதைச் செல் வாசிக்கவிடாமல் பிடித்து வைக்கிறது. மாலை வகுப்பில் ஆசிரியர் திருத்தினார்.

தோளில் ஒட்டும் 'தளர்த்தி' என்ற மருந்து ஒட்டு அந்தப் பிடியை விடுவிக்கிறது. சர்க்கரையை உணரும் மரபணு பெற்றோரில் ஒரு பக்கத்திலிருந்து பழுதாக வந்திருந்தாலும், மறுபக்கத்து நல்ல பிரதி இரண்டின் வேலையையும் செய்துவிடும். நாகர்கோவிலில் இப்போது பரம்பரைச் சர்க்கரை உள்ளவர்களும் பாயசத்துக்கு யோசிப்பதில்லை. சர்க்கரை சரியாக இருக்கும்வரை வீட்டு வாசலில் பச்சை விளக்கு எரியும்; கூடினால் சிவக்கும். பகலில் சுகாதார நிலையத்தில் தளர்த்தி ஒட்டுவது என் வேலை. அண்ணன் மனைவி பெல்சி மைனிக்கும் நான்தான் ஒட்டினேன்.

மைனிக்கு ஏழாம் மாதம். சர்க்கரை கச்சிதம். பிள்ளைதான் வளரவில்லை. தாயின் பழுது பிள்ளைக்கும் வந்திருப்பது, அதனால் இன்று செய்த சோதனையில் தெரிந்தது. ஒட்டை எடுத்துவிடச் சொன்னார் மருத்துவர். ஏன் என்பதை மைனிக்கு விளக்குவதற்குள் இரண்டு முறை குழம்பினேன். தளர்த்தி தாயைத் தாண்டிக் கருவுக்குப் போவதில்லை. பழுதுள்ள கரு, சர்க்கரை கொஞ்சம் கூடுதலாக இருந்தால்தான் வளர்ச்சிக்கான இன்சுலினைச் சுரக்கும். நாங்கள் கொண்டாடிய அளவு அதற்குப் பட்டினி.

"எங்கம்மைக்கும் இதே சீக்குதான். ஒட்டு இல்லாத காலம். அதான் நான் மூணு கிலோ இருந்தேனாக்கும்," என்று மைனி சிரிக்கப் பார்த்தார்.

ஜெபின் அண்ணன் எடுக்க வேண்டாம் என்றான். விளக்கு சிவந்தால், பிள்ளைத்தாச்சி வாயைக் கட்டவில்லை என்று தெரு பேசும். இன்னொரு மருத்துவரைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றான். மைனி தோளை என் பக்கம் திருப்பினார்.

"நீதானே ஒட்டினே, நீயே எடு. ஊரு விளக்கைப் பாக்கட்டும். நான் பிள்ளையைப் பாக்கேன்."

எடுத்தேன். மிச்சமிருக்கும் நாட்களில் பிள்ளை தேறுமா என்று கேட்டதற்கு, பார்ப்போம் என்று மட்டும் மருத்துவர் சொல்லியிருந்தார். நான் ஒட்டிவிட்ட மற்றவர்களின் பிள்ளைகளில் எத்தனை இதனால் சிறுத்துப் பிறந்தன என்று யாருக்கும் தெரியாது. பச்சை எரியும் வீட்டில் மேற்கொண்டு சோதனை வேண்டாம் என்பது விதி.

நாளை புதன், கர்ப்பிணிகளுக்கு ஒட்டு மாற்றும் நாள். உறையைப் பிரிப்பதற்கு முன், வயிற்றுப் பிள்ளைக்குச் சோதனை செய்தாயிற்றா என்று ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும்.