சனிக்கிழமை இரைச்சல்

மால்டே பொத்தானை அழுத்தினான். கணினி எழவில்லை. விரலை எடுத்துவிட்டு மறுபடியும் அழுத்தினான், இம்முறை பெருவிரலால், நகம் வெளுக்கும்வரை. முன்பக்கத்து நீல விளக்கு எரியவில்லை. திரையில் அவன் முகம்தான் தெரிந்தது. போன சனிக்கிழமை ஒழுங்காக வேலை செய்த பெட்டி இன்று செத்துக் கிடந்தது. வெளியே பிரேமன் நகரத்து நவம்பர் மழை, இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே இருட்டைக் கொண்டுவந்து ஜன்னலில் அப்பியிருந்தது.

"அப்பா, அதைத் திட்டுறியா?"

ஆறு வயது யெட்டே வாசலில் நின்றாள். வாயோரம் பற்பசை நுரை.

"இல்ல."

"திட்டுற. எனக்குக் கேட்டுச்சு. கெட்ட வார்த்தை."

"பல் தேய்ச்சாச்சுன்னா போய்ப் படு."

"அம்மா என்னைத் திட்டி எழுப்புனா நான் இன்னும் இறுக்கிக் கண்ணை மூடிக்குவேன். அதுவும் அப்படித்தான் பண்ணும்."

அவளைக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தான். போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, அவள் கேட்டபடி கதவை ஒருச்சாய்த்து வைத்தான். கூடத்துக்குத் திரும்பியபோது கோபம் மேஜைமேல் அவனுக்காகக் காத்திருந்தது.

கீழ் வீட்டு ஹார்ம்ஸ் அம்மாவின் வேலையாக இருக்கும் என்றுதான் முதலில் தோன்றியது. எல்லா வீட்டுக்குமான மின்பெட்டி நிலவறையில் இருக்கிறது. அந்த அறையின் சாவி அவளிடம் இருக்கிறது. மேஜை விளக்கு எரிந்துகொண்டிருந்தது என்பது உண்மைதான். ஆனால் கோபம் அதையெல்லாம் பார்க்காது.

வசந்தத்தில் ஆரம்பித்தது இந்தச் சண்டை. உங்கள் கணினியின் இரைச்சல் என் கட்டிலுக்கு நேர்மேலே இரவு முழுக்க ஓடுகிறது என்றாள். அவன் பெட்டிக்கு அடியில் ரப்பர் வைத்தான். அதற்கும் அடியில் கம்பளம் மடித்துப் போட்டான். உள்ளே இருந்த சின்ன விசிறிகளைக் கழற்றிவிட்டுச் சத்தமே போடாத விசிறிகளை மாட்டினான். படுக்கப் போகும்போது அணைத்துவிடுகிறேன் என்று படிக்கட்டில் நின்று சத்தியம் செய்தான். வீட்டுச் சொந்தக்காரருக்கு அவள் புகார் எழுதினாள். வீட்டுக்காரர் இரண்டு முறை எச்சரித்துவிட்டார். மூன்றாவது முறை காலி செய்ய வேண்டியதுதான். பிள்ளைக்கென்று தனி அறை இருந்தால் மட்டுமே யெட்டே சனிக்கிழமை இரவுகளில் அவனோடு தங்கலாம் என்று பிரிந்துபோன மனைவி வீப்கேயின் வக்கீல் நிபந்தனை எழுதி வாங்கியிருந்தாள். இந்த ஊரில் அவன் சம்பளத்துக்கு இன்னொரு ஈரறை வீடு கிடைக்காது. வீடு போனால் பிள்ளை போகும். வீப்கே அதற்குத்தான் காத்திருக்கிறாள் என்று அவன் நினைத்தான். அப்படி நினைப்பது நியாயமா என்று அடுத்த நிமிடமே சந்தேகப்பட்டான். அந்தச் சந்தேகமும் அவனைக் கோபப்படுத்தியது.

கணினி பழுதுபார்க்கும் மாலை வகுப்பில் கற்றபடி செய்தான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மேஜை விளக்கைப் பிடுங்கி, கணினியின் பிளக் இருந்த துளையில் செருகினான், எரிந்தது. ஆக சுவரில் குறையில்லை. திரையின் வயரைக் கழற்றிக் கணினிக்குப் போட்டான், எழவில்லை. ஆக வயரிலும் குறையில்லை. பின்பக்கத்துச் சின்ன சுவிட்ச் போட்டுத்தான் இருந்தது. அணைத்தான், போட்டான். தன்மேல் நம்பிக்கை இல்லாமல் இன்னொரு முறை அணைத்துப் போட்டான்.

திருகுகளைத் தளர்த்திப் பக்கத் தகட்டைக் கழற்றியபோது, கீழ் வீட்டிலிருந்து ஏறிவரும் ஹீட்டர் குழாயில் சத்தம் கேட்டது. டங். டங். டங். கீழேயிருந்து, கரண்டியால்.

மால்டே அப்படியே நின்றான். செத்த பெட்டி ஒன்று திறந்த வயிற்றோடு முன்னால் கிடக்கிறது. அதன் சத்தம் தாங்கவில்லை என்று ஒருத்தி குழாயைத் தட்டுகிறாள்.

சிரிப்பு வந்தது. அது நல்ல சிரிப்பு இல்லை. இப்போது பிடித்துவிட்டேன் உன்னை என்கிற சிரிப்பு. குழாய் மறுபடி ஒலித்தது. பிறகு படிக்கட்டில் செருப்பொலி, பிறகு கதவில் முஷ்டி.

ஹார்ம்ஸ் அம்மா இரவு அங்கியின்மேல் மழைக்கோட்டுப் போட்டிருந்தாள்.

"பிள்ளை தூங்குதுன்னு கூடப் பாக்காம ராத்திரி பூரா அதை ஓட்டுறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா?"

"உள்ள வாங்க."

"நான் எதுக்கு உள்ள வரணும்?"

"வாங்கம்மா. வந்து உங்க கண்ணால பாருங்க. அப்புறம் வீட்டுக்காரருக்கு எழுதுங்க. இன்னும் நாலு பக்கம் எழுதுங்க."

அவள் வந்தாள். அவன் திறந்த பெட்டியை ஒரு கையால் காட்டி, மறு கையில் பிடுங்கிய வயரைத் தூக்கிப் பிடித்தான்.

"இதுவா சத்தம் போடுது? கரண்டே இல்லாம? சொல்லுங்க. எத்தனை மாசமா பொய் சொல்றீங்க?"

அவள் பெட்டியைப் பார்த்தாள். வயரைப் பார்த்தாள். பிறகு தலையை ஒரு பக்கம் சாய்த்தாள்.

"அப்போ இது என்ன?" என்றாள்.

"எது?"

"உங்களுக்குக் கேக்கலையா?"

கேட்டது. கேட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறது. தாழ்ந்த, சீரான, காற்றை அரைக்கும் இரைச்சல். சனிக்கிழமை தோறும் பிள்ளை தூங்கிய பிறகு இந்த மேஜையில் உட்கார்ந்து வேலை பார்க்கையில் முதுகுக்குப் பின்னால் ஓடுகிற, பழகிப்போன, அவன் காது கண்டுகொள்ளாமல் விட்ட இரைச்சல்.

"ஃப்ரிட்ஜா இருக்கும்," என்றான்.

"என்கிட்டயும் ஃப்ரிட்ஜ் இருக்கு." அவள் குரல் இறங்கியிருந்தது. "மத்த நாள்ல இது இல்ல. சனிக்கிழமை மட்டும்தான். உங்ககிட்ட எத்தனை தடவ சொன்னேன்."

அவள் கண் அவன் தோளைத் தாண்டி நடைவழிக்குள் போய் நின்றது. ஒரு சண்டையையும் பாதியில் விட்டவள் இல்லை. கோட்டை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு பின்னோக்கியே நடந்து போனாள். செருப்பொலி இறங்கியது. கீழே கதவு மூடி, தாழ்ப்பாள் இரண்டும் விழுந்தன.

சரி என்று சொல்லிக்கொண்டான். ஒரு நேரத்தில் ஒன்று. பெட்டிக்கு மின்சாரம் தரும் பவர் சப்ளையைத் தனியே கழற்றி மேஜையில் வைத்தான். காகித கிளிப்பை வளைத்து அதன் பச்சை வயரையும் கறுப்பு வயரையும் இணைத்தான், பிளக்கைச் செருகினான். நல்லதாக இருந்தால் அதன் விசிறி சுழல வேண்டும். சுழலவில்லை. கருகிய வாடை மட்டும் மெல்ல எழுந்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கம்பி வலைக்குள் டார்ச் அடித்தான்.

விசிறியின் இதழ்களுக்கு நடுவே ஒரு வயர் சரிந்து சிக்கியிருந்தது. இதழிலிருந்து வலைக்கம்பி வரை சிலந்தி ஒன்று நூல் கட்டியிருந்தது. நூலின்மேல் தூசி. தூசியின்மேல் தூசி. நடுவில் காலை மடக்கிக் காய்ந்துபோன சிலந்தி. ஒரு நூல்கூட அறுந்திருக்கவில்லை.

காரணம் கிடைத்துவிட்டது. விசிறி நின்றதால் உள்ளே சூடேறி, கடைசியில் கருகியிருக்கிறது. விடை சரி. வகுப்பில் கைதட்டியிருப்பார்கள்.

இந்த விசிறி மாதக்கணக்காகச் சுழலவே இல்லை.

இரைச்சல் ஓடிக்கொண்டிருந்தது.

ஃப்ரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினான். ஓடியது. குளியலறைக் காற்றுப்போக்கியை அணைத்தான். ஓடியது. "யாருடா அது," என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான், யாரை என்று தெரியாமல். நடைவழியிலிருந்த தன் வீட்டு மின்பெட்டியைத் திறந்து முதன்மை சுவிட்சைக் கீழே இறக்கினான். வீடு மொத்தமும் இருண்டது.

ஓடியது.

இருட்டில் அதற்குத் திசை இருந்தது.

சுவரைத் தடவிக்கொண்டு நடந்தான். ஒருச்சாய்த்த கதவு. உள்ளே தெருவிளக்கின் மங்கல், ஜன்னலில் மழை, தலையணைமேல் யெட்டேயின் வெளிர் முடி. கட்டிலுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினான். செருப்பு. பொம்மை. வேறொன்றுமில்லை. சுவரில் காதை வைத்தான். குழாயில் வைத்தான். இரண்டும் ஊமை.

குனிந்தான்.

அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. உதடு அசையவில்லை. நாக்கு அசையவில்லை.

"யெட்டே," என்றான். "போதும்."

அதட்டலாகத்தான் வந்தது. மாலையிலிருந்து சேர்த்துவைத்த கோபத்துக்கு வேறு குரல் இல்லை.

அவள் கண்ணை இறுக்கிக்கொள்ளவில்லை. புரளவில்லை. இரைச்சல் மட்டும் ஒரு படி ஏறியது, சூடேறினால் விசிறி ஏறுவதைப் போல.

மார்பில் கை வைத்தான். எழவில்லை. தாழவில்லை. போர்வைக்கு உள்ளே ஒரே சீரான அதிர்வு.

உள்ளங்கையை அவள் வாயருகே கொண்டுபோனான். காற்று பட்டது. சூடான காற்று. வறண்டது. தூசி வாடை. வெளியே வந்தது. அது நின்று, திரும்பி, உள்ளே போவதற்காகக் கையை அப்படியே வைத்துக் காத்திருந்தான்.

வந்துகொண்டே இருந்தது.