கோணல் சக்கரத்தில் கை வைத்தது யார்?

"யார் இந்த வேலையைப் பார்த்தது?"

கடுகு போட்ட சத்தத்தில் அடுப்படியில் இருந்த அம்மா கரண்டியை நழுவவிட்டாள்.

கடுகு என்பது அந்த ஒன்பது வயதுக்காரிக்கு வீட்டில் வைத்த பெயர். கோபம் வந்தால் சூடான எண்ணெயில் விழுந்த கடுகு போலவே படபடவென்று வெடிப்பாள். கோபமும் அடிக்கடி வரும். ஆனால் இன்றைக்கு வந்த கோபத்தில் நூற்றுக்கு நூறு நியாயம் இருந்தது.

பத்தொன்பது நாளாக அவள் தினமும் ஒரு பக்கம் படம் வரைந்து வந்தாள். "கண்ணால பார்த்த ஏதாவது ஒண்ணை வரைங்க. ரப்பர் வச்சு அழிக்கக் கூடாது. ஒரு நாளும் விடக் கூடாது" என்று ஓவிய டீச்சர் சொல்லியிருந்தார். இதற்கு முன் இரண்டு முறை ஆரம்பித்து, நாலாம் நாளே நோட்டை மூடி வைத்தவள்தான். இந்த முறை அப்படி இல்லை. காய்ச்சல் அடித்த அன்றுகூடப் போர்வைக்குள் உட்கார்ந்து மாத்திரை டப்பாவை வரைந்தாள். அப்படிப்பட்ட நோட்டில் யாரோ கை வைத்திருந்தார்கள்!

நேற்று அவள் வரைந்தது, முன் சக்கரம் நெளிந்துபோன ஒரு சைக்கிளை. அந்த நெளிவை வரைய ஒரு மணி நேரம் பிடித்தது. இப்போது பார்த்தால் சக்கரம் தட்டு வைத்து வரைந்தது போல வட்டமாக இருந்தது.

"நான்தான்மா" என்று முன் அறையிலிருந்து குரல் வந்தது.

மாமா! அம்மாவின் தம்பி. முன் அறைதான் அவருடைய சைக்கிள் ரிப்பேர் கடை. எங்கே திருகு ஆடினாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது. பக்கத்து வீட்டு கேட் கிறீச்சிட்டால்கூட, கேட்காமலேயே போய் எண்ணெய் விட்டுவிட்டு வருவார்.

"சக்கரம் கோணலா இருந்துச்சு. கொஞ்சம் கோட்டம் எடுத்துவிட்டேன்" என்றார்.

"அது கோணலாத்தான் மாமா வந்துச்சு! நேத்து நீங்களும்தானே பார்த்தீங்க?"

"நேத்து கோணல். இன்னைக்குக் காலையில சரி பண்ணிக் குடுத்தாச்சு. படமும் சரியா இருக்கட்டுமேன்னுதான்..."

"நான் நேத்து பார்த்ததைத்தான் நேத்து வரைஞ்சேன்!"

"விடு கடுகு, மாமா நல்லதுக்குத்தானே செஞ்சாரு" என்றாள் அம்மா. கடுகுக்கு இன்னும் எரிந்தது. நல்லதுக்கு என்றால் யார் நோட்டிலும் கை வைக்கலாமா? இது எந்த ஊர் நியாயம்?

அன்று சாயங்காலம் தெருவில் சுருண்டு தூங்கிய நாயை வரைந்தாள். மறுநாள் காலையில் நாய்க்கு ஒரு கால் கூடியிருந்தது.

"மூணு கால்தான் இருந்துச்சு, பாவம்" என்றார் மாமா.

"நாலாவது காலை அது வயித்துக்கடியில வச்சிருந்துச்சு!"

அடுத்த படத்துக்கு மேலே, 'யாரும் தொடக் கூடாது' என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்தாள். மாமா படத்தைத் தொடவில்லை. எழுத்துகள் ஏறி இறங்கி இருந்ததால், அவற்றை மட்டும் நேராக்கி வைத்திருந்தார்.

கடுகு காலை உதைத்துக்கொண்டு அழாத குறைதான். நோட்டை ஒளித்து வைக்கலாம் என்றாள் அம்மா. கடுகுக்கு மனசு வரவில்லை. தப்பு செய்தவர் அவர், ஒளிய வேண்டியது என் நோட்டா?

இருபத்திரண்டாம் நாள் சாயங்காலம் பென்சிலை எடுத்தாள். வாளியை வரையலாமா? கைப்பிடி சரியில்லை என்பார். செருப்பை வரையலாமா? வார் சரியில்லை என்பார். ஒரு கோடு போடுவதற்குள் மாமாவின் திருத்தம் மனசுக்குள் வந்து நின்றது. பேசாமல் இன்றோடு விட்டுவிடலாம் என்று நோட்டை மூடினாள்.

நிமிர்ந்து பார்த்தாள். கடைக்கு யாரும் வரவில்லை. மாமா ஓர் அட்டைப்பெட்டியின் மேல் பென்சிலால் என்னவோ கிறுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பூ. பக்கத்தில் இன்னொரு பூ.

'அட, இவருக்கு வரைய ஆசை! வரையத்தான் நோட்டு இல்லை!'

கடுகு விடுவிடுவென்று உள்ளே போனாள். போன வருஷத்து நோட்டு ஒன்றில் பாதிப் பக்கங்கள் காலியாக இருந்தன. அதைக் கொண்டுவந்து மாமாவின் முன் வைத்தாள்.

"இது உங்க நோட்டு. தினமும் ஒரு பக்கம். பார்த்ததை மட்டும் வரையணும். அழிக்கக் கூடாது."

"எனக்கெதுக்கும்மா இதெல்லாம்?" என்று மாமா வெட்கப்பட்டார். ஆனால் நோட்டை உடனே வாங்கிக்கொண்டார்.

டயர் அடுக்கின் மேல் பூனை தூங்கிக்கொண்டிருந்தது. மாமா நாக்கைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் வரைந்தார். கடைசியில் காது முளைத்த தலையணை ஒன்று வந்தது.

சத்தியமாகக் கடுகு வேண்டுமென்று செய்யவில்லை. அவள் பென்சில் தானாக நீண்டது.

"வாலைக் காணோமே மாமா, நான் போட்டுடறேன்..."

மாமா இரண்டு உள்ளங்கையாலும் பக்கத்தைப் பொத்தினார். "ஏய், கை வைக்காத! அது வாலைச் சுருட்டி அடியிலதான் வச்சிருக்கு. நான் பார்த்ததை நான் வரைஞ்சிருக்கேன்!"

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. காது வரை சிவந்துபோனார்.

"உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா?"

"இதைவிட மோசம். எனக்கு மூணு பக்கம்!"

"தப்புதாம்மா. நான் போட்டதையெல்லாம் அழிச்சிடறேன்."

"அழிக்கக் கூடாது!" என்றாள் கடுகு. கொஞ்சம் யோசித்தாள். "எதெது உங்க கோடோ, பக்கத்துல ஒத்துக்கிட்டு எழுதுங்க."

மாமா நல்ல பிள்ளையாக எழுதினார். சக்கரத்துக்குப் பக்கத்தில், 'இந்த வட்டம் நான் போட்டது.' நாய்க்குப் பக்கத்தில் ஓர் அம்புக்குறி போட்டு, 'இந்தக் கால் என்னுடையது.' அதைப் படித்துவிட்டு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கடுகு இருபத்திரண்டாம் பக்கத்தைத் திறந்து, குனிந்து தன் பூனைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மாமாவையே வரைந்தாள். பென்சில் தங்குதடையில்லாமல் ஓடியது. முடித்ததும் காட்டினாள்.

மாமா வெகுநேரம் பார்த்தார். கை துறுதுறுத்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"மூக்கு மட்டும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

கடுகு நிமிர்ந்து பார்த்தாள்.

"மூக்கு மட்டும் கொஞ்சம் அதிகமாவே நல்லா வந்திருக்குன்னு சொல்ல வந்தேன்" என்றார் மாமா.