யார் கூடச் சாப்பிட்டீங்க?

காலையில் அறிவுச்செல்வன் எழுந்தான். பல் விளக்கினான். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினான். உலை வைத்தான். வெங்காயம் அரிந்து குழம்பு கூட்டினான். கொதித்ததும் இறக்கினான். சட்டையை மாட்டிக்கொண்டு, வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த மாமனாரிடம் வந்தான்.

"மாமா, சாப்பாடு இருக்கு."

"நீங்க சாப்பிட்டீங்களா மாப்ள?"

"ஆச்சு மாமா."

"சரி, நானும் சாப்பிட்டுக்கிறேன்."

ஷர்லி இறந்த பிறகு எல்லாக் காலையும் இதேதான். மனைவி போய்விட்டாள். அவளுடைய அப்பா மரியசெல்வம் மட்டும் அவனோடு தங்கிவிட்டார். யாரும் இருக்கச் சொல்லவில்லை. யாரும் போகச் சொல்லவுமில்லை.

இப்போது அதற்கும் ஆபத்து வந்திருந்தது. மாமா மெலிந்துகொண்டே போனார். புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போய் எல்லா டெஸ்ட்டும் எடுத்தாயிற்று. ஒன்றுமில்லை என்றார்கள். "இந்த மாசமும் எடை கொறஞ்சா அண்ணனை நான் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்," என்று மாமாவின் தம்பி போனில் சொல்லிவிட்டார். ஷர்லியின் சாயலில் மிச்சமிருந்தது அந்த ஒரு முகம்... அதுவும் போய்விடுமோ என்ற பயம் மட்டும் அறிவுக்கு உறைத்தது. மற்றதெல்லாம் மரத்துப்போயிருந்தது.

கீரமங்கலம் ரோட்டோரம் அவனுடைய நாற்றுப் பண்ணை. சனிக்கிழமை. மல்லிகைப் பதியன்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். அந்தச் சிரமம் எதற்கு என்பதுபோல மழை பிடித்துக்கொண்டது. மழையோடு ஒரு ஸ்கூட்டியும் உள்ளே பாய்ந்து வந்து, பப்பாளி நாற்றுகளின் மேல் ஏறி நின்றது.

"ஏங்க! பாத்து வரக் கூடாதா?"

"கண்ணாடி பூரா மழைங்க! ஒண்ணுமே தெரியல!"

ஓட்டி வந்த பெண் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். இமைகளில் மழைத்துளிகள் நின்றன. கண்ணாடி இல்லாத அந்தப் பெரிய கண்கள், அவனை எங்கே என்று தேடிக்கொண்டு அவன் பக்கமே திரும்பியிருந்தன. அழகா என்றெல்லாம் அவனுக்குத் தோன்றவில்லை... பார்வையை எடுக்கத்தான் தோன்றவில்லை.

அவள் கையில் பிளாஸ்டிக் கவருக்குள், பள்ளிக்கூட முத்திரை போட்ட சில தாள்கள். ஆள் தெப்பமாக நனைந்திருக்க, தாள்கள் மட்டும் பத்திரமாக இருந்தன.

"பரீட்சைப் பேப்பருங்களா?"

"இல்லைங்க, சயின்ஸ் ப்ராஜெக்ட். வயசானவங்க சாப்பாட்டுப் பழக்கம். எங்க எட்டாம் வகுப்புப் பிள்ளைங்க வீடு வீடாப் போகப் போறாங்க. அதுக்கு முன்னாடி கேள்வி சரியா வருதான்னு நானே கேட்டுப் பாக்குறேன்." அவள் குரலில் பெருமை. "நம்ம ஊரு எவ்வளவோ பரவால்லைங்க. காலைல சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். தெருவே சாப்பிட்டிருக்கு!"

அறிவு சிரித்துவிட்டான். அது சிரிப்பு என்று அவனுக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

"என்ன சிரிப்பு?"

"வீட்டு வாசல்ல வந்து சாப்பிட்டீங்களான்னு கேட்டா, இல்லைன்னு யாரு சொல்லுவா டீச்சர்? பட்டினி கெடந்தாலும் ஆச்சும்பாங்க. கும்பிட்டா திருப்பிக் கும்பிடுற மாதிரி அது. பதிலா என்ன?"

அவள் முகம் சிவந்தது. "ஓ... சாருக்கு ரொம்பத் தெரியுமோ? சரி, நீங்க சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன சாப்பிட்டீங்க?"

காலையில் வைத்தது என்ன குழம்பு? அவனுக்கு ஞாபகம் வரவில்லை. அவள் அவனையே பார்த்தாள். கோபம் வடிந்து, கண்களில் வேறு ஏதோ வந்தது. தூறலிலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

திமிர் பிடித்தவள் என்று நினைத்தான். அந்த வாரம் முழுக்க நினைத்தான்...

அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டாள். "என் பேரு அன்புமொழி. கேள்விய மாத்திட்டேன். மொதல்ல உங்க வீட்லதான் கேப்பேன்." மாமாவின் முன்னால் உட்கார்ந்தாள். "ஐயா, நேத்து ராத்திரி யார் கூடச் சாப்பிட்டீங்க?"

மரியசெல்வம் வாயைத் திறந்தார். 'ஆச்சு' என்பது இந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை.

"யார் கூட..." அவர் குரல் இறங்கியது. "மாப்ள வெளியவே முடிச்சிட்டு வந்துருவாரு. தனியா தட்டு முன்னாடி ஒக்கார முடியல டீச்சர். எடுத்து மாட்டுக்கு வச்சிருவேன். அவரு கேட்டா ஆச்சும்பேன்."

அறிவு நிலைப்படியிலிருந்து முன்னால் வந்தான். "நான் எங்க மாமா சாப்பிட்டேன்? டீக்கடையில ஒரு பன்னு, டீ. நீங்க சாப்பிட்டாப் போதும்னுதான்..."

"அட கிறுக்கு மாப்ள!" பெரியவருக்குக் கண் நிறைந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. "ஆளுக்கொரு பொய்யச் சொல்லி மாட்டையில்ல கொழுக்க வச்சிருக்கோம்!"

நோய் இல்லை. நோயே இல்லை... ஷர்லி இறந்தபோது வராத அழுகை அப்போது அவனுக்கு வந்தது. அன்புமொழி பார்க்காதது போல அடுப்படிக்குப் போனாள். மூன்று தட்டுகளோடு வந்தாள்.

"நானும் சாப்பிடலைங்க. நெசமாவே."

அதன்பிறகு ப்ராஜெக்ட் என்ற பேரில் சனிக்கிழமைதோறும் வந்தாள். குழம்பில் உப்பில்லை என்று வம்பிழுத்தாள். மாமாவின் கன்னத்தில் சதை பிடித்தது. திருச்சிப் பேச்சும் நின்றுபோனது.

பிறகு திடீரென்று அவள் வருவதும் நின்றது.

பால்காரர்தான் விஷயத்தைக் காதில் போட்டார். "ரெண்டு ஆம்பளைங்க இருக்க வீட்ல டீச்சருக்கு என்ன ஆராய்ச்சின்னு பேசுறாங்க தம்பி."

நல்லதுக்குத்தான் என்று அறிவு தனக்குச் சொல்லிக்கொண்டான். ஷர்லியின் அப்பாவை எதிரில் வைத்துக்கொண்டு வேறு என்ன நினைக்க முடியும்? தட்டில் சோறு ஆறியது. மாமாவும் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"மாப்ள, போயிக் கூட்டிட்டு வாங்க."

"மாமா..."

"ஷர்லிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். நீங்க போங்க."

பள்ளிக்கூடம் விடும் நேரம். வேப்பமரத்தடியில் ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவள், அவனைக் கண்டதும் நின்றுவிட்டாள்.

"ஏன் வரல?"

"வந்தா ஊரு பேசுது. உங்களுக்குச் சங்கடம்."

"வராததுதான் சங்கடமா இருக்கு."

"ப்ராஜெக்ட்டுக்கா?"

"எனக்கு. எனக்கு உங்களப் பிடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு... மாமாவ விட்டுட்டு என்னால எங்கிட்டும் வர முடியாது. அதையும் இப்பவே சொல்லிடணும்."

அவள் கண்களில் கோபம் மாதிரி ஒன்று எழுந்தது. பாதி வழியிலேயே அது சிரிப்பாகிப்போனது.

"உங்கள யாருங்க வரச் சொன்னா? நான்தான் அங்கிட்டு வாரேன்."