மூடாத புள்ளி

மவுஸ் சூடாக இருந்தது. யாரோ இப்போதுதான் கையை எடுத்துவிட்டு எழுந்து போனதுபோல, உள்ளங்கை பதியும் இடத்தில் மட்டும் அந்தச் சூடு. பெரியவள் வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள். அம்மா வீட்டு மாடியறையில் பழைய போர்வைக்கு அடியில் வருடக்கணக்காக முடங்கிக் கிடந்த கம்ப்யூட்டர் அது. போர்வையை உதறி, வயரைச் செருகியதே சற்று முன்புதான்.

சிறுவயதில் தங்கை எழுந்துபோன பிறகு இப்படித்தான் இருக்கும். முறை வைத்து உட்கார வேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம். சின்னவள் விட்டுப்போன சூட்டின் மேல்தான் இவள் கை வைப்பாள். வளர்ந்த பிறகும் அதே கதைதான். ஒரு சிறுவர் புத்தகத்தின் அட்டைக்காக மாதக்கணக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைந்தாள் பெரியவள். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, என்னவோ குறைகிறது என்றார் பதிப்பாசிரியர். அதே வாரம், ஓவியராகப் பெயர் வாங்கிவிட்ட சின்னவளின் பேட்டி வந்தது. சிறுவயதில் பழைய கம்ப்யூட்டரில் ஒரு வீடு வரைந்தாளாம், யாரும் சொல்லித் தரவில்லையாம். அது கிடைத்தால் அதுவே அட்டை என்று சொல்லிவிட்டார் பதிப்பாசிரியர். தேடி எடுத்து அனுப்பும் வேலை இவள் தலையில் விழுந்தது.

மேசையில் கிடந்த போனிலிருந்து சின்னவளின் குரல் வந்தது. "அக்கா, ஆன் ஆச்சா?"

"கிழவி இப்பத்தான் இருமறா, இரு."

சின்னவள் சிரித்தாள். கம்ப்யூட்டருக்குக் கிழவி என்று பெயர் வைத்ததே பெரியவள்தான். அதையும் ஒருநாள் பேட்டியில் தன்னுடையது என்று சொல்லிக்கொள்வாள் சின்னவள்.

உள்ளே காற்றாடி கரகரத்துச் சுழன்றது. தூசி கருகும் வாசனை எழுந்தது. திரை வெளுக்க வெளுக்க முன்கை ரோமமெல்லாம் அதன் பக்கம் சாய்ந்து நின்றது. சின்னவளின் படங்கள் இருந்த பழைய ஃப்ளாப்பி வட்டைச் செருகினாள். கிர்ர் என்று பல்லைக் கடிக்கிற சத்தம். வரி வரியாக மேலிருந்து இறங்கியது படம்.

பதினாறே வண்ணத்தில் ஒரு வீடு. ஒரே ஜன்னல். அதில் வெளியே ஒரு கையை நீட்டியபடி ரெட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி. மூக்குக்கு ஒரே ஒரு புள்ளிதான் வைத்திருந்தாள் சின்னவள். அதற்குள் அவ்வளவு உயிர். பெரியவளுக்கு வயிறு எரிந்தது. தன்னையே வரைந்து வைத்திருக்கிறாள், பார்.

"கெடைச்சுதாக்கா?"

"தேடறேன்டி. அவசரப்படுத்தாத."

படத்தைப் பெரிதாக்கிக் கோடுகளைப் புள்ளி புள்ளியாகச் சோதித்தாள். கோட்டில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் ஊற்றுகிற வண்ணம் அதன் வழியே ஒழுகி எல்லாவற்றையும் நிரப்பிவிடும். இந்தப் பாடத்தைத் தங்கைக்குச் சொல்லிக் கொடுத்தது யார்? யாரும் சொல்லித் தரவில்லையாம். எங்கும் ஒழுகல் இல்லை. அத்தனை சுத்தம்.

சிறுமியின் மணிக்கட்டில் ஒரே ஒரு புள்ளியை அழித்தாள். பழைய ஃப்ளாப்பி, கெட்டுப்போய்விட்டது என்றால் யார் கேட்கப்போகிறார்கள்? கறுப்பை எடுத்தாள். ஜன்னலுக்கு வெளியே, வானத்தில், ஊற்றினாள்.

மணிக்கட்டில் சுருக்கென்றது.

"படம் இருக்குடி. ஆனா பாதி கெட்டுப்போயிருக்கு."

"அய்யோ. பொண்ணாவது தப்பிச்சாளா?"

"நீயா? இல்ல."

"நான் எங்க அதுல இருக்கேன்? அது நீக்கா. உனக்கு ரெட்டப் பின்னல்னா உசுரு, அம்மா பேன்னு சொல்லி முடிய ஒட்ட வெட்டி விட்டுட்டாங்கல்ல? நீ அழுதுட்டே தூங்கிட்ட. அன்னிக்கு என் மொறையில உக்காந்து படத்துல உனக்குப் பின்னல் போட்டு விட்டேன். உன்கிட்ட காட்டக் கூச்சமா இருந்துச்சு."

பெரியவள் குனிந்து பார்த்தாள்.

தன் மணிக்கட்டின் உட்புறத்தில் சின்னச் சதுரமாக ஓர் இடம். காயமில்லை, ரத்தமில்லை. அங்கே தோல் இல்லை, அவ்வளவுதான். நான்கு மூலையும் ரூல் வைத்து வெட்டியதுபோல நேராக இருந்தன.

திரையில் வானம் நிரம்பிவிட்டிருந்தது. கறுப்பு ஜன்னலோரம் வந்து, நீட்டிய கையைச் சுற்றி, விட்டுப்போன புள்ளியைக் கண்டுபிடித்தது. உள்ளே நுழைந்தது.

விசைகளை மாறி மாறி அடித்தாள். நிரப்பி முடிக்கும் வரை கிழவி யார் பேச்சையும் கேட்கமாட்டாள். வயரைப் பிடுங்கினாள். பிளக் கையோடு வந்தது. காற்றாடி நிற்கவில்லை. திரையும் அணையவில்லை.

நடுப்பகல் வெயில் கண் கூச அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் தன் கையைப் பார்த்தாள். விரல்கள் கறுத்துவிட்டன. நகம் தெரியவில்லை. ரேகை தெரியவில்லை. ஓரத்துக் கோடு மட்டும் கையின் உருவில் நின்றது. கறுப்பு முழங்கைக்கு ஏறியது. வரி வரியாக. நிதானமாக. ஒரு மூலையையும் விடாமல்.

மறுகைக் கட்டைவிரலால் அந்தச் சதுரத்தை அழுத்தி மூடினாள். கட்டைவிரலும் கறுத்தது.

தோள்.

கழுத்து.

அம்மா என்று கூப்பிட வாயைத் திறந்தாள். நாக்கு இருந்த இடம் நிரம்பிவிட்டிருந்தது.

"அக்கா? என்ன பேச்சே காணோம்?" சின்னவளின் குரலில் சிரிப்பு. "வண்ணம் ஊத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் என்னை ஒரு கேள்வி கேக்க வைப்பியே, ஞாபகம் இருக்கா? இப்பவும் வரையறப்ப என்னை நானே கேட்டுக்குவேன்."

நாற்காலியில் கோட்டுருவம் ஒன்று உட்கார்ந்திருந்தது. வெயில் அதன்மேல் விழுந்து காணாமல் போனது. மவுஸின் மேல் அதன் கை.

"எல்லாம் மூடிட்டியா அக்கா?"