அணிலின் பல் அச்சு

பிளேட் அச்சின் மேல் டக்கென்று உட்கார்ந்தது. உட்கார்ந்திருக்கக் கூடாது.

பல் லேபில் இத்தனை வருடம் குப்பை கொட்டியவனுக்கு இது தெரியாமல் இருக்குமா? மகளின் மேல்தாடையை அகலப்படுத்த அவனே தன் கையால் செய்த பிளேட் அது. நடுவில் சின்னத் திருகு ஒன்று இருக்கும். படுக்கப் போகும்முன் குட்டிச் சாவியால் அதை ஒரு திருப்புத் திருப்பினால் பிளேட் ஒரு மயிரிழை விரியும், அதோடு தாடையும் மெல்ல மெல்ல விரியும், மூக்குக்கு வழி கிடைக்கும், பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு குறட்டை விடாமல் தூங்குவாள். இரண்டு மாதமாக இப்படி விரிந்துகொண்டே வந்த பிளேட், சிகிச்சை தொடங்கும் முன்பே எடுத்த பிளாஸ்டர் அச்சில் எப்படிப் பொருந்தும்? பிள்ளையின் தாடை வளரும். பிளாஸ்டர் வளருமா?

பிளேட்டில் ஒரு கம்பி தளர்ந்திருந்தது. அதை நெளித்துச் சரிசெய்ய ஏதாவது தாங்கல் வேண்டுமே என்றுதான் அலமாரியின் மூலையில் கிடந்த அச்சை எடுத்து வந்து சமையலறை மேஜையில் வைத்திருந்தான். மேல்வரிசையும் கீழ்வரிசையும் பித்தளைக் கீல் வைத்த சட்டத்தில் பூட்டி, வாயைப் போலவே திறந்து மூடும்படி அமைத்தது. முன்பற்கள் இரண்டும் துருத்திக்கொண்டு அச்சு அசல் அவளேதான். அந்தப் பற்களுக்காகத்தான் அவளை அணில் என்று கூப்பிடுவது. அவன் கட்டைவிரலால் அண்ணத்தைத் தடவிப் பார்த்தான். ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பாகவும் இருந்தது.

அந்த அச்சை எடுத்த விதம் அவனுக்கும் அவன் மனசாட்சிக்கும் மட்டும்தான் தெரியும். கிளினிக்கில் இரண்டு முறை முயன்று பார்த்தார்கள். அச்செடுக்கும் பசை நிரப்பிய கரண்டி வாய்க்குள் போனதுமே அணில் குமட்டிக் குமட்டி அழுது, பல் டாக்டரம்மாவின் கோட்டு முழுக்க வாந்தி எடுத்து வைத்தாள். அந்தம்மா கோபித்துக்கொள்ளவில்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது நல்லதல்ல, நாள் கடத்தாதீர்கள் என்று மட்டும் சொன்னார். இவனுக்குப் பொறுக்கவில்லை. வாயைத் திறந்துகொண்டுதானே தூங்குகிறாள், நம்மிடம் இல்லாத பசையா, கரண்டியா என்று ஒரு ராத்திரி தூங்குகிறவளின் வாயில் தானே வைத்துவிட்டான். எந்த டெக்னீஷியனும் செய்யத் துணியாத வேலை. பசை இறுகிக்கொண்டிருக்கும்போது மூச்சு நின்றது, வழக்கமாக நிற்பதைவிட நெடுநேரம். பதறிப்போய்க் கரண்டியைப் பிடுங்கினான். ஏதோ அதோடு சேர்ந்து பிய்ந்து வந்ததுபோல் இருந்தது. பிறகுதான் அணில் மூச்சு வாங்கினாள். அச்சு மட்டும் அத்தனை சுத்தமாக விழுந்திருந்தது.

மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. வேலை மாற்றலாகி வேறு ஊரில் இருப்பவள், மாதம் ஒருமுறை வந்து போகிறவள், அவளை எதற்குக் கலவரப்படுத்துவது? குறட்டை அடங்கிவிட்டது என்று போனில் பெருமை அடித்துக்கொண்டதோடு சரி. பேச்சு முடிந்து போனை வைத்ததும் அந்த அடுக்குமாடி வீடு எப்போதும் கொஞ்சம் பெரிதாகிவிடும். எதிர்வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதுகூட அவனுக்குத் தெரியாது. ஒரு நாளில் அவன் வாய் திறந்து பேசுவது அணிலிடம் மட்டும்தான்.

கம்பியை ஒருவழியாகச் சரிசெய்து, அவள் வாயில் பிளேட்டை மாட்டி, போர்வையை இழுத்துவிட்டான். பிளேட் போட்டிருந்ததால் வார்த்தைகள் கொழகொழவென்று வந்தன.

"அப்பா, இப்பல்லாம் தூங்கும்போது நான் மூச்சே விட வேண்டாம்ப்பா."

"அப்படியா? அப்போ யாரு விடறா?"

"தெரியல. அதுவே விட்டுடுது."

"சோம்பேறி அணிலு. மூச்சு விடறதுக்கும் ஆள் வெச்சுட்டியா?"

அவள் சிரித்தாள். அவனும் சிரித்துவிட்டு விளக்கை அணைத்தான். நடுக்கூடத்துச் சோபாவில் வந்து உட்கார்ந்த பிறகும் அந்தப் பேச்சையே அசைபோட்டுக்கொண்டிருந்தான்.

எப்போது கண்ணசந்தான் என்று தெரியாது. விழித்தபோது வீடு இருட்டிக் கிடந்தது, ஃப்ரிட்ஜின் முனகல் ஓய்ந்திருந்தது, குழாயிலிருந்து பாத்திரத்தில் சொட்டும் தண்ணீருக்கும் கதவிடுக்கில் நுழையும் காற்றுக்கும் அடியில், அவன் இரண்டு வருடம் காது கொடுத்துக் கேட்டுக் கேட்டுப் பழகிய அந்தக் குறட்டை கேட்டது, கரகரவென்று இழுத்து, திணறி, நின்று, மறுபடி பிடித்துக்கொள்ளும் அதே குறட்டை. அட, திரும்ப வந்துவிட்டதே என்று சலித்துக்கொண்டே எழுந்தான். இரண்டடி வைத்ததும் நின்றுவிட்டான்.

குறட்டை படுக்கையறையிலிருந்து வரவில்லை.

சமையலறை வாசலில் பல் விளக்காத காலை வாயின் புளித்த வாடை அடித்தது. தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியே மேஜைமேல் விழுந்திருந்தது. பித்தளைக் கீலில் அச்சின் மேல்தாடை மெல்ல ஏறியது. இறங்கியது. வெள்ளைப் பற்கள் கொஞ்சம் திறந்து, கொஞ்சம் மூடின. பக்கத்தில் கிடந்த போனின் கண்ணாடியில் ஆவி படிந்து, மறைந்து, மறுபடி படிந்தது.

அவன் மகளிடம் ஓடினான். மூக்கருகே கை வைத்தான். ஒன்றும் இல்லை. மார்பில் கை வைத்தான். சமையலறையில் குறட்டை இழுக்கும்போது மார்பு ஏறியது. அங்கே விட்டபோது தாழ்ந்தது. பிளேட்டைக் கழற்றி வீசினான். உலுக்கினான். கன்னத்தில் தட்டினான். அவள் விழிக்கவில்லை. முகத்தில் ஒரு சிணுங்கல்கூட இல்லை.

அப்போது சமையலறையில் டக்கென்று ஒரு சத்தம். பல்லோடு பல் மூடும் சத்தம்.

குறட்டை நின்றது. கைக்குக் கீழே மார்பும் நின்றது.

அவளை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடுவதா, வாயோடு வாய் வைத்து ஊதுவதா? ஊதிப் பார்த்தான். காற்று உள்ளே போகவில்லை, சுவரில் ஊதியதுபோல் திரும்பி வந்தது. உதடுகள் நீலம் பாரிக்கத் தொடங்கின. சமையலறைக்குப் பாய்ந்தான். அச்சின் தாடைகளை இரண்டு கைகளாலும் பிளந்தான். அறையிலிருந்து ஒரு நீண்ட மூச்சு கேட்டது.

பிளந்த அச்சோடு வந்து கட்டிலோரம் தரையில் உட்கார்ந்தான். கையைத் தளர்த்தினால் அது மூடப் பார்த்தது. உடைத்துவிடலாமா? உடைத்தால் அவள்? நினைக்கவே பயமாக இருந்தது. தலைமாட்டில் கிடந்த மரப்பென்சிலை எடுத்துப் பற்களுக்கு நடுவே முட்டுக் கொடுத்தான். முறுக்கு நொறுங்குவதுபோல் நொறுங்கியது. மார்பு நின்றது. மறுபடி பிளந்தான். மறுபடி எழுந்தது.

சமையலறையில் போன் அடித்தது. மனைவியாகத்தான் இருக்கும். தூக்கம் வராவிட்டால் அவள் இப்படிக் கூப்பிடுவதுண்டு. எழப் பார்த்தான். முழங்கால் நிமிர்வதற்குள் பிடி வழுக்கியது, உதடுகள் மறுபடி நீலமாயின. உட்கார்ந்துவிட்டான். யாராவது வாங்களேன் என்று கத்தினான். சாத்திய கதவுகளுக்கு அப்பால் யாருக்கும் கேட்கவில்லை. போன் அடித்து அடித்து ஓய்ந்தது. இந்த ஊரில் தன்னைத் தேடி வர ஒருவரும் இல்லை என்பதை அவன் அப்போதுதான் முழுசாக உணர்ந்து, வாய்விட்டு அழுதான்.

விரல்கள் மரத்தன. நழுவின. வேறு வழியில்லாமல் இடக்கைச் சுட்டுவிரலைப் பற்களுக்கு நடுவே கொடுத்தான். துருத்திய முன்பற்கள் இரண்டும் மெதுவாக இறங்கின. பிளாஸ்டர் இப்படிக் கடிக்காது. உள்ளே ஏதோ வெதுவெதுப்பாக விரல் நுனியை நக்கியது.

கடி இறுகியது. எலும்பு முறிந்தது. தாடை மூடப் பார்த்தது.

கட்டிலில் அணிலின் மார்பு பாதியில் நின்றது.

அவன் அடுத்த விரலைக் கொடுத்தான்.