படம் தெளியும் மூலை

அந்த மாடி வீட்டுக்குக் குடிவந்த அன்றே தொலைக்காட்சி தகராறு செய்தது. மேல்தளத்தில் ஆன்டெனா கட்டக் கூடாது என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லிவிட்டதால், பஸ் டிரைவரான அவன் அறைக்குள்ளேயே வைக்கிற சின்ன ஆன்டெனா ஒன்றை வாங்கி வந்தான். கொம்பு முளைத்த மாதிரி இரண்டு கம்பிகள். பெட்டி மேல் வைத்துப் பார்த்தான், ஜன்னலில் வைத்துப் பார்த்தான். எங்கே வைத்தாலும் திரையில் புள்ளிகள்தான் கொட்டின.

கடைசியில், பீரோவுக்கும் சுவருக்கும் இடையே இருந்த மூலையில் நின்று தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபோது, செய்தி வாசிப்பவளின் மூக்குத்திகூடத் தெரிந்தது. கையை எடுத்தால் மறுபடி புள்ளிகள்.

"உங்களை அங்கயே நட்டு வச்சிட வேண்டியதுதான்," என்று மனைவி சிரித்தாள். அவள் தையல்காரி. நாள் முழுக்க வீட்டில் மிஷினோடு இருப்பவள். பேச்சுத்துணைக்கு அந்தப் பெட்டிதான்.

ஆன்டெனாவை பீரோவின் முன்விளிம்பில் வைத்துவிட்டு வேலைக்குப் போனான்.

மாலை திரும்பியபோது படம் கண்ணாடி போல இருந்தது.

"என்ன பண்ணின?"

"நான் ஒண்ணும் பண்ணல. தானா தெளிஞ்சிடுச்சு."

ஆனால் ஆன்டெனா அவன் வைத்த இடத்தில் இல்லை. பீரோவின் பின்கோடியில், சுவரை ஒட்டி இருந்தது. அவள் குள்ளம், ஸ்டூல் போட்டு ஏறினாலும் அங்கே கை எட்டாது. எடுத்துப் பார்த்தான். கம்பிகள் வெதுவெதுப்பாக இருந்தன. வெகுநாள் பூட்டிக் கிடந்த துணியின் வாடை அடித்தது.

யாரோ உயரமானவன்.

அந்த நினைப்பு வந்த பிறகு அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

"மத்தியானத்துல யாராவது வந்தாங்களா?"

"யாரு வருவா? துணி தைக்கக் குடுக்கிற பொம்பளைங்கதான்."

நூலைப் பல்லால் கடித்தபடி சொன்னாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அதையும் அவன் மனசில் போட்டுக்கொண்டான். அதன் பிறகு தினமும் படம் தெளிவாகவே இருந்தது. அவன் மனசுதான் கலங்கிக்கொண்டே போயிற்று. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும்போதும் அந்த மூலைதான் கண்ணில் நின்றது.

ஒருநாள் வண்டியை இன்னொருவனிடம் மாற்றிவிட்டு, உச்சிவெயிலில் வீட்டுக்கு வந்தான். படியடியிலேயே செருப்பைக் கழற்றினான். கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே தையல் மிஷினின் கடகடப்பு. ஓசைப்படாமல் கதவைத் தள்ளினான்.

அவள் திரையைப் பார்த்து உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் அந்த மூலை. அங்கே ஆளில்லை.

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

அப்போது படம் லேசாக ஆடியது. தலையைத் திருப்பாமலே அவள் சொன்னாள்:

"கொஞ்சம் இந்தப் பக்கம்."

பீரோ மேலிருந்த கம்பிகள் மெல்லத் திரும்பின.

படம் நின்றது.

"ஆங், அவ்வளவுதான். வந்ததுல இருந்து ஒரு வார்த்தை பேசாம நிக்கிறீங்களே, என்ன கோபம்?"

அவன் கதவைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"நான்... இப்பத்தான் வர்றேன்."

மிஷின் நின்றது. வாசலில் நிற்கும் அவனைப் பார்த்தாள். முகம் வெளுத்துப்போயிற்று.

"அப்போ இவ்வளவு நேரமா என் பின்னாடி மூச்சு விட்டது யாரு?"

திரையில் புள்ளிகள் கொட்டின. அறைக்குள் ஏதோ நடந்து வந்தது. மரத்தரையின் பலகைகள் ஒவ்வொன்றாக முனகின. அவன் தோளை உரசிக்கொண்டு கதவைக் கடந்தது.

படிகளில் யாரும் இறங்கும் சத்தம் கேட்கவில்லை.

அந்த வாரமே வீட்டைக் காலி செய்தார்கள். ஏன் என்று வீட்டுக்காரர் கேட்கவேயில்லை. ஆன்டெனாவைத் தெருக்கோடிக் குப்பைத்தொட்டியில் அவனே போட்டான். சாமான் வண்டியில் போகும்போது அவள் கேட்டாள்:

"அன்னிக்கு எதுக்குச் சொல்லாம கொள்ளாம வந்தீங்க?"

அவன் வெளியே பார்த்தான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவனோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டாள்.

புது வீட்டில் கேபிள் இணைப்பு. புது இடம், நல்ல வெளிச்சம், சத்தமான தெரு. அவனுக்கும் மூச்சு சீராயிற்று. ஒரு மாலை பலத்த காற்றில் மரக்கிளை முறிந்து தெருவின் கேபிள் அறுந்தது. பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியாகக் கத்தினார்.

"தம்பி, தெரு முழுக்கப் போயிடுச்சு! உங்க வீட்லயும் போச்சா?"

அவன் திரையைப் பார்த்தான்.

படம் கண்ணாடி போல இருந்தது.

பின்னங்கழுத்தில் வெதுவெதுப்பாக ஏதோ பட்டது. திரும்பத் துணிவில்லை. பக்கத்தில் இருந்த மனைவியைப் பார்த்தான். அவள் பயப்படவில்லை. அசையாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, மிகத் தணிந்த குரலில், கட்டிய கணவனை ஒருநாளும் அழைத்திராத ஒருமையில் சொன்னாள்:

"போதும்... கை வலிக்கும். இறக்கிக்கோ."

திரையில் புள்ளிகள் கொட்டின.